பேஸ் கிட்டாரின் கழுத்து

சுருதி சேர்த்த பேஸ் கிட்டாரை யாரும் தொடாமல் சுவரில் மாட்டி வைத்திருந்தாலும் அதன் கழுத்துக்கு ஓய்வில்லை. வழக்கமான தடிமனுள்ள நான்கு கம்பிகளும் சேர்ந்து அதை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆறு கம்பி மின்கிட்டாரில் இந்த இழுவை 45 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். பேஸின் கழுத்து அதைவிட நீளமானது. கனமோ இரண்டு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இத்தனை இழுவையில் அந்த மரம் வளையாமல் இருக்க வழியில்லை. எவ்வளவு வளைய விடலாம் என்பதைத் தீர்மானிப்பதிலிருந்துதான் கருவியைச் சீரமைக்கும் வேலை தொடங்குகிறது. மற்ற எல்லாச் சரிசெய்தல்களும் அதன்மேல்தான் நிற்கின்றன.

இழுவை இவ்வளவு இருப்பதற்குக் காரணம் கம்பியின் இயற்பியல். கம்பி நீளமானால் அதிர்வெண் குறையும், இறுக்கினால் கூடும், கம்பி கனமானால் குறையும். இந்த உறவைக் கணித வடிவில் தந்தவர் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. அவருடைய இசை நூல் 1636-இல் வெளிவந்தது. அந்த விதிப்படி, நீளமும் இழுவையும் மாறாமல் அதிர்வெண் பாதியாக வேண்டுமானால் கம்பியின் நிறை நான்கு மடங்காக வேண்டும். கிட்டாரின் தாழ்ந்த ஈ கம்பி விநாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. பேஸின் ஈ கம்பி அதில் பாதி, 41.2 முறை. நிறையை ஏற்றுவதற்காக ஒற்றைக் கம்பியையே தடிமனாக்கினால் அது விறைத்து, மேற்சுரங்கள் பிசகி, ஓசை கெட்டுவிடும். இழுவையைக் குறைத்தாலோ கம்பி தொளதொளத்து, கழுத்தில் குறுக்காகப் பதித்த ஃபிரெட்டுகளில் அடிக்கும். ஆகவே மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் வேறொரு கம்பியைச் சுற்றிக் கனமாக்குகிறார்கள். கூடவே நீளத்தையும் கூட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் தயாரித்து 1951-இல் சந்தைக்கு வந்த பிரிசிஷன் பேஸில், தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டுக்கும் உடலின் மேல் அதைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸின் நீளத்துக்கும் கிட்டாரின் நீளத்துக்கும் இடையில் அமைந்த இந்த அளவே இன்றுவரை பெரும்பாலான பேஸ்களின் அளவு.

80 கிலோ இழுவையும் கழுத்தின் நடு அச்சு வழியாகவே சென்றால் மரம் அழுந்துமே தவிர வளையாது. ஆனால் கம்பிகள் அந்த அச்சுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளி ஓடுகின்றன. அந்தச் சிறிய விலகலே கழுத்தை வளைக்கும் நெம்புகோலாகிறது. நாண் ஏற்றிய வில் போல, கழுத்தின் இரு முனைகளும் கம்பிகளை நோக்கி எழும்ப, நடுப்பகுதி கீழே தாழ்கிறது. எவ்வளவு தாழும் என்பது பெரிதும் கழுத்தின் கனத்தைப் பொறுத்தது. ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கழுத்தைவிட 22 மில்லிமீட்டர் கழுத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு உடையது. கைக்கு இதமாக இருக்கிறதென்று மெல்லிய கழுத்தை விரும்புகிறவர்கள் வளைவைத் திருத்த அடிக்கடி ஆலன் கீயைத் தேட நேர்வது இதனால்தான்.

கழுத்தைக் கனமாக்கிக்கொண்டே போக முடியாது. பிடிக்கும் கையின் அளவு ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றாக மரத்துக்குள் ஓர் எஃகுத் தண்டைப் புதைக்கலாம் என்ற யோசனையைச் செயல்படுத்தியவர் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ. திருகி இறுக்கக்கூடிய அந்தத் தண்டுக்கு 1923-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. டிரஸ் ராட் என்று இன்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஃபெண்டரின் பட்டறையில் இதை முதலில் பொருட்படுத்தவில்லை. 1950-இல் வெளிவந்த முதல் எஸ்கொயர் கிட்டார்களில் ராட் கிடையாது; கெட்டியான மேப்பிள் மரமே தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு பேஸ் வந்தபோது அதன் கழுத்தில் ராட் இருந்தது.

பழைய வகை ராட் வேலை செய்யும் விதம் எளிமையானது. கழுத்துக்குள் அதற்கான பள்ளம் நேராக வெட்டப்படுவதில்லை; இரு முனைகளிலும் விரற்பலகைக்கு அருகிலும், நடுவில் கழுத்தின் முதுகுப் பக்கமாகத் தாழ்ந்தும் வளைந்து செல்கிறது. ஒரு முனை மரத்தில் பொருத்தப்பட்டிருக்கும், மறுமுனையில் திருகு. அதை இறுக்கும்போது வளைந்த தண்டு நேராக முயல்கிறது. நேராக வேண்டுமானால் அதன் நடுப்பகுதி மேலே எழ வேண்டும். எழும்போது கழுத்தின் நடுப்பகுதியையும் சேர்த்து மேலே தள்ளுகிறது. கம்பிகள் தாழ்த்தியதை ராட் தூக்குகிறது. ஒரே மேப்பிள் துண்டில் செய்த ஃபெண்டர் கழுத்துகளின் முதுகில் ஓடும் கருத்த வால்நட் பட்டை அழகுக்காக வைத்ததல்ல. ராட் உள்ளே போன வழியை அடைத்த மரம் அது. இந்த வகை ராடால் ஒரு பக்கம் மட்டுமே தள்ள முடியும். பின்னாளில் வந்த இருவழி ராடுகள் எந்தத் திசையில் திருகுகிறோமோ அந்தத் திசையில் கழுத்தை வளைக்கக்கூடியவை. கம்பி இழுவை போதாமல் பின்பக்கமாகவே வளைந்து நிற்கும் கழுத்துக்கு அவை பெரிய உதவி.

அப்படியானால் கழுத்தை முழுவதும் நேராக்கிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் மீட்டிய கம்பி நட்டிலும் பிரிட்ஜிலும் அசைவதில்லை. நடுவில்தான் அகலமாக ஆடுகிறது. ஈ கம்பியை ஓங்கி மீட்டினால் அந்த ஆட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடும் கம்பிக்கு இடம் விடுவதற்காகக் கழுத்தில் மிக மெல்லிய குழிவு ஒன்றை விட்டுவைக்கிறார்கள். வாசிப்பவர்கள் இதை ரிலீஃப் என்பார்கள். கார்பன் இழைக் கழுத்துகளின் கதை இதற்கு நல்ல சான்று. 1970களின் பிற்பகுதியில் அவை வந்தபோது, வளையவே வளையாத கழுத்துக்கு ராட் எதற்கு என்று அதை விட்டுவிட்டார்கள். வளையாதது உண்மைதான், ஆனால் கம்பியின் தடிமனும் வாசிக்கும் கையின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன, குழிவை மாற்றவோ வழியில்லை. பிற்காலத்தில் கார்பன் கழுத்துகளிலும் ராட் வைக்கத் தொடங்கினார்கள்.

சீரமைக்கும் வேலையில் வரிசை மிக முக்கியம்: கம்பி, சுருதி, குழிவு, உயரம், ஸ்வரத்துல்லியம், கடைசியில் பிக்கப். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததைப் பாதிக்கிறது. பின்னால் வருவது முன்னதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. வரிசையைக் கலைத்தால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். முதலில், வழக்கமாக வாசிக்கும் தடிமனில் புதிய கம்பிகளைப் பூட்டி, வழக்கமாக வாசிக்கும் சுருதிக்கே ஏற்றிவிட வேண்டும். சுருதியை அரைச்சுரம் இறக்கி வாசிப்பவருக்கு இழுவை ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். 80 கிலோ 71 கிலோவாகிவிடும். வேறு சுருதியில் வைத்து அளந்த குழிவு அவருக்குப் பயன்படாது.

குழிவை அளக்கத் தனியாக அளவுகோல் வேண்டாம். இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான பொருள் பட்டறையில் இல்லை. முதல் ஃபிரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டி, கடைசி ஃபிரெட்டில் ஈ கம்பியை விரலால் அழுத்தினால் அந்த இரு ஃபிரெட்டுகளுக்கும் இடையில் கம்பி ஒரு நேர்கோடு. எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளிதான் குழிவு. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை அங்கே நுழைத்துப் பார்க்கலாம். ஃபெண்டர் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, விரற்பலகையின் மேற்பரப்பு எவ்வளவு உருண்டது என்பதைப் பொறுத்து 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை. கேஜ் கிடைக்காதபோது ஜெராக்ஸ் தாள் உதவும்: ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், மூன்று தாள் சேர்ந்தால் வேண்டிய அளவு. இடைவெளியே இல்லாமல் கம்பி எட்டாவது ஃபிரெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் கழுத்து நேராக இருக்கலாம், பின்பக்கம் வளைந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், ராடைத் தளர்த்துவது.

திருகைப் பார்த்தபடி வலமாகத் திருப்பினால் ராட் இறுகி, குழிவு குறையும். இடமாகத் திருப்பினால் தளர்ந்து, கம்பிகளின் இழுவை குழிவைக் கூட்டும். திருகு சில கருவிகளில் தலைப்பகுதியில் இருக்கும். பழைய ஃபெண்டர்களில் கழுத்தின் அடிமுனையில், உடலோடு சேரும் இடத்தில் இருப்பதால் கழுத்தையே கழற்ற நேரலாம். இன்றைய மியூசிக் மேன் பேஸ்களில் கழுத்தின் அடியில் துளைகள் உள்ள சிறு சக்கரம் ஒன்று உண்டு. எந்தக் கம்பியையும் தொடாமல் அதைத் திருப்பலாம். அந்த வசதியை எல்லா நிறுவனங்களும் ஏன் பின்பற்றவில்லை என்பது புரியாத விஷயம்.

ஆலன் கீயின் அளவில் கவனம் தேவை. அமெரிக்கக் கருவிகளில் அங்குல அளவு, ஜப்பானியக் கருவிகளில் மில்லிமீட்டர் அளவு. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர். அந்தத் திருகில் 5 மில்லிமீட்டர் கீ நுழையாது, 4.5 மில்லிமீட்டர் கீ நுழையும், ஆனால் தொளதொளவென்று சுழன்று திருகின் மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய திருகை மாற்றுவது கழுத்தைப் பிளக்கும் வேலையாகக்கூட முடியலாம். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று திருப்ப வேண்டும். பிறகு சுருதியை மீண்டும் சேர்த்து அளந்து பார்க்க வேண்டும். மரம் உடனே முழுமையாக அடங்குவதில்லை. சில மணி நேரம், சில கழுத்துகளில் ஓர் இரவு கழித்து அளவு இன்னும் சற்று நகர்ந்திருக்கும். திருகு நகர மறுத்தால் நிறுத்திவிட வேண்டும். பலத்தைக் காட்டி எஃகுத் தண்டை முறித்தவர்கள் பலர். முறிந்த தண்டைச் சரிசெய்ய ஆகும் செலவு சில கருவிகளின் விலையையே தாண்டும்.

டிரஸ் ராட் கம்பியின் உயரத்தைச் சரிசெய்யும் கருவி அல்ல. பரவலாகக் காணப்படும் தவறு இதுதான். ராடை இறுக்கினால் கம்பி ஃபிரெட்டுகளை நெருங்கி வருவது உண்மை, வாசிக்கவும் இலகுவாகிவிடும். ஆனால் அந்த நெருக்கம் கழுத்தின் நடுப்பகுதியில் மட்டுமே கிடைக்கிறது, கம்பிக்கு வேண்டிய இடத்தைத் திருடிக்கொண்டு. உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியவை பிரிட்ஜில் உள்ள சேடில்கள். அவற்றின் சிறு திருகுகளைத் திருப்பினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே ஏறும், இறங்கும். சேடிலை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் 12-ஆவது ஃபிரெட்டின் மேல் கம்பி அரை மில்லிமீட்டர் உயரும். 17-ஆவது ஃபிரெட்டில் ஏறத்தாழ 0.63 மில்லிமீட்டர். ஃபெண்டர் அளப்பது இந்த 17-ஆவது ஃபிரெட்டில்தான்: விரற்பலகை ஓரளவு தட்டையான கழுத்துகளில் தடித்த கம்பிகளின் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிகளின் பக்கம் 2 மில்லிமீட்டர். உருண்டையான பழைய வகைக் கழுத்துகளில் இரண்டும் சற்றுக் கூடுதல்.

இந்த எண்கள் தொடக்கப்புள்ளி மட்டுமே, வேதவாக்கு அல்ல. மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பிரிசிஷன் பேஸில் கம்பிகள் மற்றவர்கள் வாசிக்கத் திணறும் உயரத்தில் இருந்தன. வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகளை அவர் அறுந்தால் தவிர மாற்றுவதில்லை. தி ஹூ குழுவின் ஜான் எண்ட்விசில் நேர் எதிர்: கம்பி மிகத் தாழ்ந்து, உருண்டைச் சுற்றுக் கம்பிகள் ஃபிரெட்டில் மோதும் உலோகச் சத்தமே அவருடைய அடையாளம். இரண்டுமே தவறல்ல. கையின் பலமும் வேண்டும் ஓசையும்தான் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. இளையராஜாவின் பாடல்களில் தனி மெட்டாகவே நகரும் பேஸ் வரிசைகளை வாசித்துப் பார்க்கும் மாணவருக்குத் தாழ்ந்த உயரம் வசதி. ஒரே சுரத்தை அழுத்தி வாசிப்பவருக்கு உயரம் கூடியிருந்தால் ஓசை கனமாகக் கேட்கும்.

கரகரப்பு எங்கே கேட்கிறது என்று கவனித்தால் கோளாறு எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் கரகரத்து மேலே தெளிவாக இருந்தால் குழிவு போதவில்லை. 12-க்கு மேல் கரகரத்தால் சேடில் தாழ்ந்திருக்கிறது, அல்லது குழிவு அளவுக்கு மீறிவிட்டது. எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் கரகரத்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் கேட்டால் அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பி நிற்கிறது. அதை எந்தத் திருகும் சரிசெய்யாது. கருவியில் கேட்கும் கரகரப்பு ஆம்பிளிஃபயரில் கேட்கவில்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் விவேகம்.

சேடில்களை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் பிரச்சினை கழுத்து உடலோடு சேரும் கோணத்தில் இருக்கிறது. போல்ட் போட்டுப் பூட்டிய கழுத்துகளில் அதற்குத் தீர்வு எளிது. கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்துத் திரும்பப் பூட்டினால் கழுத்து சற்றே பின்னோக்கிச் சாயும். அரை மில்லிமீட்டர் சீவலே பிரிட்ஜ் அருகில் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலான மாற்றத்தைத் தரும்.

உயரத்தோடு சேர்ந்த இன்னொன்று நட். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமானால் முதல் சில சுரங்களை அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதி ஏறிவிடும். பள்ளத்தை அராவி ஆழமாக்கலாம். ஆழமானதைத் திரும்ப நிரப்புவது கடினம். தொடக்கநிலையில் கை வைக்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது நட்தான்.

இனி ஸ்வரத்துல்லியம். ஃபிரெட்டுகள் கணக்கின்படி பதிக்கப்பட்டவை. ஒவ்வொரு ஃபிரெட்டும் மீதமுள்ள நீளத்தை 1.05946 ஆல் வகுக்கிறது. இது 2-இன் பன்னிரண்டாம் மூலம். முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 48.5 மில்லிமீட்டரிலும் 12-ஆவது சரிபாதியில் 431.8 மில்லிமீட்டரிலும் வருகின்றன. ஆனால் அந்தக் கணக்கு, கம்பிக்குத் தடிமனோ விறைப்போ இல்லை, அழுத்தினாலும் நீளாது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையான கம்பியை ஃபிரெட்டுக்கு அழுத்தும்போது அது சற்று நீண்டு இறுகுகிறது. தடித்த கம்பியின் முனைகள் விறைப்பால் சரியாக அதிராததால் அதிரும் நீளமும் குறைந்தது போலாகிறது. இரண்டும் சுருதியை உயர்த்துகின்றன. தஞ்சாவூர் வீணையில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளைப் பதிப்பவர், காதால் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி இடம் சேர்க்கிறார். பேஸில் ஃபிரெட் நகராது. ஆகவே எதிர்முனையில் சேடில் நகர வேண்டியிருக்கிறது.

12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி எழுப்பும் மேற்சுரத்தை முதலில் டியூனரில் பார்க்க வேண்டும். பிறகு அதே ஃபிரெட்டை வழக்கம்போல் அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னுக்கு, கழுத்திலிருந்து விலகும்படி நகர்த்த வேண்டும். குறைந்திருந்தால் முன்னுக்கு. 34 அங்குல நீளத்தில் சேடிலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் திறந்த கம்பியை மீண்டும் சுருதி சேர்த்தபின் 12-ஆவது ஃபிரெட்டில் ஏறத்தாழ இரண்டு சென்ட் மாறும். சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. ஐந்து சென்ட் ஏறியிருந்தால் இரண்டரை மில்லிமீட்டர் பின்னுக்கு. தடவிப் பார்த்துத் தேட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சேடில்கள் சாய்வான வரிசையில் நிற்கும்: மெல்லிய ஜி கம்பியினுடையது கழுத்துக்கு அருகில், தடித்த ஈ கம்பியினுடையது கடைசியில். பழைய கம்பிகளில் இந்த வேலையைச் செய்வது வீண். வியர்வையும் அழுக்கும் ஏறி நிறை சீராக இல்லாத கம்பி எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிசகும்.

கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி ஃபிரெட்டை அழுத்தியபடி, காந்தத்துக்கும் கம்பிக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் விட்டுத் தொடங்கலாம். நெருங்க நெருங்க ஓசை பலக்கும்; மிகவும் நெருங்கினால் காந்தம் கம்பியையே பிடித்து இழுத்துச் சுரத்தைக் குலைக்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் மரம் தன் வேலையைத் தொடர்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரம் குறுக்குவாட்டில் பருக்கும்; நெடுக்குவாட்டில் மாற்றம் மிகக் குறைவு. கழுத்து மேப்பிளாகவும் விரற்பலகை ரோஸ்வுட்டாகவும் இருந்தால் இரண்டும் ஒரே அளவில் பருப்பதில்லை. எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் வீட்டுக்கும் ஏசி ஸ்டுடியோவுக்கும் இடையே அலையும் கருவியில் குழிவு மாறுவதற்குக் கம்பிகளின் மேல் பழி போட வேண்டியதில்லை. பருவம் மாறும்போதும் வேறு தடிமனில் கம்பி மாற்றும்போதும் குழிவை மட்டும் அளந்து கால் சுற்றுக்குள் திருத்தினால் பெரும்பாலும் போதும். உயரமும் ஸ்வரத்துல்லியமும் தாமாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பழைய அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். சீரமைத்த நாளிலேயே அவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவியின் பெட்டிக்குள் போட்டுவைப்பது நல்லது.

டிரஸ் ராடுக்கு அடங்காத கோளாறும் உண்டு. அது மேலும் கீழுமான வளைவை மட்டுமே திருத்தும். தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் நீளத்தை ஒரு கண்ணால் பார்க்கும்போது ஈ கம்பியின் பக்கம் ஒரு விதமாகவும் ஜி கம்பியின் பக்கம் வேறு விதமாகவும் வளைந்து தெரிந்தால் கழுத்து முறுக்கேறியிருக்கிறது என்று பொருள். அது அனுபவமுள்ள கைவினைஞரிடம் போக வேண்டிய வேலை. பழைய பேஸ் வாங்கப் போகிறவர் விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதை.